12 வோல்ட் வழியில் எங்கே குறைந்தது?

கடுகளவு சிவப்பு விளக்கு ஒன்று. கிராபிக்ஸ் கார்டின் மேல்விளிம்பில், மின் கேபிள் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் அப்படியொன்று இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, ஒரு நிமிட அனிமேஷன் காட்சியை ரெண்டர் செய்ய, அதாவது கணினியே படம் படமாக வரைந்து முடிக்க, போட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன். திரும்பி வந்தபோது கணினிப் பெட்டியின் கண்ணாடிக்குள் அது எரிந்துகொண்டிருந்தது. திரையின் வலது மூலையில், கார்டோடு வந்த மென்பொருள் ஒரு செய்தியையும் வைத்திருந்தது: கார்டுக்கு வரும் மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது, இணைப்பைச் சரிபார்க்கவும்.

அது சொன்னதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. இணைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடுத்த மூன்று வாரம் சரிபார்த்தேன்.

முதல் இரவு செய்தியை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ரெண்டர் முடிந்திருந்தது, விளக்கும் அணைந்திருந்தது. இரண்டு நாள் கழித்துத் திரை ஒரு விநாடி கறுத்து மீண்டும் வந்தது. அதற்கடுத்த நாள், முக்கால்வாசி வேலை முடிந்த நிலையில் கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. அப்போதுதான் பயம் வந்தது. பயம் வந்தவன் செய்யும் முதல் காரியத்தை நானும் செய்தேன். கையில் கிடைத்த அளவீட்டு மென்பொருள்களை எல்லாம் நிறுவி, எண்களை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவற்றில் ஒன்றான ஜிபியு-இசட் திறந்ததும் கண்ணில் பட்டது 0.71 வோல்ட். அடடா, 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் முக்கால் வோல்ட்கூட இல்லையே என்று பதறினேன். அந்தப் பதற்றம் முழுக்க வீண். கார்டுக்குள் இரண்டு வேறு மின்னழுத்தங்கள் இருக்கின்றன. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கேற்ப மாற்றித் தரும் பவர் சப்ளையிலிருந்து கேபிள் வழியாக வருவது 12 வோல்ட். கார்டின் மேலேயே இருக்கும் மின்மாற்றுச் சுற்று அதை ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்கு இறக்கி மைய சில்லுக்குத் தருகிறது. வேலை இல்லாமல் சும்மா இருக்கும்போது சில்லுக்கு 0.7 வோல்ட் போதும். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு வோல்ட்டை ஒட்டிப் போகும். நான் பார்த்தது சில்லின் மின்னழுத்தம். எச்சரிக்கை பேசியது வாசலில் நுழையும் 12 வோல்ட்டைப் பற்றி.

அதே மென்பொருளில் செயல்திறன் எதனால் கட்டுப்படுகிறது என்று சொல்லும் ஒரு வரி உண்டு. அதில் அடிக்கடி ‘விரெல்’ என்று நீல நிறத்தில் வந்தது. வோல்டேஜ் என்ற சொல்லின் முதல் எழுத்தைப் பார்த்ததும் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று எண்ணினேன். அதுவும் இல்லை. சில்லுக்குப் பாதுகாப்பாகத் தரக்கூடிய உச்ச மின்னழுத்தத்தைத் தொட்டுவிட்டோம், இதற்குமேல் வேகம் கூட்ட முடியாது என்பதுதான் அதன் பொருள். நல்ல நிலையில் இருக்கும் கார்டு, குளிர்ச்சியாக ஓடும்போது, பெரும்பாலும் அதைத்தான் காட்டும். நோயாளியின் உடம்பு நன்றாக இருக்கிறது என்ற அறிக்கையை வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு அடுத்த சறுக்கல். அங்கே 4101 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருந்தது: திரை டிரைவர் பதில் சொல்லவில்லை, மீட்டெடுக்கப்பட்டது. டிரைவர் என்பது விண்டோஸுக்காகக் கார்டை இயக்கும் மென்பொருள். கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தூக்கி நிறுத்திவிடும். திரை கறுத்து வந்தது அதனால்தான். இன்னொன்று ‘கெர்னல் பவர் 41’. பெயரில் பவர் இருக்கிறதே என்று அதை மின்சாரக் கோளாறுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்பவர்கள் பலர், நானும் எடுத்துக்கொண்டேன். முறைப்படி அணைக்காமல் கணினி மறுபடி துவங்கியது என்பதற்குமேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. யாராவது பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41தான் பதிவாகும்.

டிரைவரை மூன்று முறை நீக்கி நிறுவினேன். இரண்டு மாலைப் பொழுதுகள் அதில் போயின. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

செய்தியைப் படித்த அப்பா, “லோ வோல்டேஜ் என்றால் வீட்டுக்கு வரும் கரண்டில்தான் குறை. ஒரு ஸ்டெபிலைசர் வை” என்றார். காலம் முழுக்க மின்விசிறி மெதுவாகச் சுற்றுவதை லோ வோல்டேஜ் என்று பார்த்துப் பழகியவர். அவருக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் இன்றைய கணினிப் பவர் சப்ளைகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். சுவரில் மின்னழுத்தம் இறங்கினால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சரிக்கட்டிவிடும். வெளியே போகும் 12 வோல்ட் அசையாது. அப்பாவிடம் வாதாடாமல், யு.பி.எஸ் முகப்பில் தெரியும் உள்வரும் மின்னழுத்தத்தை விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தேன். ஒருமுறை 214, ஒருமுறை 236, ஒருமுறை 229. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அந்தத் தாளைக் காட்டியதும் அவரே, “அப்படியென்றால் பெட்டிக்குள்தான் இருக்கிறது” என்றார். அந்த வாக்கியத்தை நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தாளில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ரெண்டர் தொடங்கிய நேரம் ஒரு பத்தியில், விளக்கு எரிந்த நேரம் அடுத்த பத்தியில். இடைவெளி 18 நிமிடம், 22 நிமிடம், 20 நிமிடம். தொடங்கிய உடனே ஒருமுறைகூட வரவில்லை. பவர் சப்ளைக்குத் திராணி போதவில்லை என்றால் சுமை ஏறிய முதல் நொடியிலேயே தடுமாற வேண்டும். இருபது நிமிடம் பொறுத்து வரும் கோளாறு சூட்டைச் சொல்கிறது. ஏதோ ஒன்று மெல்லச் சூடேறி, ஏறிய பிறகு கெடுகிறது. தாள் என் கையில் இருந்தது. ஆனாலும் புரிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

இந்த நிலையில் நண்பன் ஒருவன் தன் கணினியிலிருந்து பவர் சப்ளையைக் கழற்றிக் கொண்டு வந்தான். சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக ஏற்பாடு. என் பெட்டிக்குள் கேபிள்கள் எல்லாம் பின்பக்கமாக ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, “கேபிள் என்னுடையதே இருக்கட்டும், பவர் சப்ளையை மட்டும் மாற்றுவோம், செருகும் இடம் ஒரே மாதிரிதானே இருக்கிறது” என்றேன். அவன் என் கையைப் பிடித்துவிட்டான். “கார்டுப் பக்கம்தான் தரப்படுத்தியது. பவர் சப்ளைப் பக்கம் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். கனெக்டருக்குள் 12 வோல்ட் வர வேண்டிய பின்னில், அந்த உலோக முனையில், மின்னோட்டம் திரும்பும் பாதையான கிரவுண்ட் வந்தால் என்ன ஆகும், யோசி.” யோசித்தேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே பின் வரிசை மாறுவதுண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். செருக முடிகிறது என்பதை மட்டும் நம்பிச் செருகியவர்கள், ஒரு நொடியில் வட்டு, மதர்போர்டு, கார்டு எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மனதில் வைக்கலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய பவர் சப்ளை, அவனுடைய கேபிள்கள். இரவு முழுக்க ரெண்டர் ஓடியது, விளக்கு எரியவில்லை. மறுநாளும் இல்லை. என் பவர் சப்ளை செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புதிதாக எத்தனை வாட்டில் வாங்குவது என்று அவனிடமே கேட்டேன். அவன் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டான்: “நாம் மாற்றியது எத்தனை பொருள்?”

ஒன்று என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். இரண்டு. பவர் சப்ளை ஒன்று, கேபிள் ஒன்று. போதாததற்கு, அவன் கார்டுக்குத் தனித்தனியாக இரண்டு கேபிள் போட்டிருந்தான். என்னுடைய பெட்டியில், ஒரே கேபிளின் நுனியில் இரண்டு எட்டு பின் தலைகள் தொங்கும் வகைக் கேபிள் ஒன்றுதான் கார்டின் இரண்டு வாய்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. கட்டுவதற்கு அழகாக இருக்கிறது என்று நானே தேர்ந்தெடுத்தது.

இனி ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம் என்று என் பவர் சப்ளையையும் பழைய கேபிளையும் மறுபடி பொருத்தினோம். தவறோடு கூடிய அதே நிலையில் அளந்தால்தான் தவறு எங்கே என்று தெரியும்.

மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்னூட்டம் மிச்சமிருக்கும். இங்கே நாம் அளப்பது வெளியே வரும் கேபிள்களில் மட்டுமே. மீட்டரின் சிவப்புக் கம்பி வோல்ட் குழியில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். முன்பு யாராவது மின்னோட்டம் அளந்துவிட்டு 10 ஆம்பியர் குழியிலேயே விட்டிருந்தால், மீட்டர் வெறும் செம்புக் கம்பிபோல நடந்துகொண்டு 12 வோல்ட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிடும். அளவு முனைகளுக்கு மெல்லிய ஊசி வகை நல்லது. நுனியில் நான்கு மில்லிமீட்டர் மட்டும் விட்டு மீதியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றினேன். பக்கத்துப் பின்னில் உரசிவிடக்கூடாதே என்ற பயம்.

கனெக்டரைக் கழற்றாமலேயே, கம்பிகள் நுழையும் பின்பக்கத்திலிருந்து ஊசியை உலோகம் தொடும்வரை சொருகி அளக்க வேண்டும். என்னுடைய கேபிளில் எல்லாக் கம்பியும் கறுப்பு. வழக்கமாக 12 வோல்ட்டைக் குறிக்கும் மஞ்சள் எது என்று நிறத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. கார்டுக்குப் போகும் எட்டு பின் கனெக்டரில் கொக்கி இருக்கும் வரிசை முழுவதும் கிரவுண்ட். எதிர் வரிசையில் மூன்று 12 வோல்ட். நான்காவது, எட்டு பின்னும் செருகப்பட்டிருக்கிறதா என்று கார்டு அறிந்துகொள்வதற்கான கம்பி, அதுவும் கிரவுண்டைச் சேர்ந்ததே. செயலிக்குப் போகும் எட்டு பின்னில் இது தலைகீழ்: அங்கே கொக்கிப் பக்கம்தான் 12 வோல்ட். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கணினி சும்மா இருக்கும்போது கார்டு முனையில் 12.01. பெட்டிக்குள் பயன்படுத்தாமல் கிடந்த பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒன்றில் 12.03. பிரமாதம், எந்தக் குறையும் இல்லை. பலர் இங்கேயே அளவை நிறுத்திவிட்டு, மின்சாரம் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மின்னோட்டம் ஓடாத கம்பியில் மின்னழுத்தம் குறையாது; சுமை இல்லாத நேரத்து அளவு எதையும் நிரூபிக்காது.

ரெண்டரைத் துவக்கினோம். இருபத்தைந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தோம். மோலெக்ஸில் 11.95. கார்டு முனையில் 11.35.

கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் என்பது ஐந்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம். அதாவது கீழ் எல்லை 11.40. கார்டு அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. எச்சரிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் அதே நேரத்தில் பவர் சப்ளை 11.95 தந்துகொண்டிருந்தது. மோலெக்ஸ் கனெக்டரில் எதுவும் மாட்டவில்லை என்பதால் அதன் கம்பிகளில் மின்னோட்டம் இல்லை, ஆகவே அதில் தெரிவது ஏறக்குறைய பவர் சப்ளையின் வாயில் இருக்கும் மின்னழுத்தமே. பவர் சப்ளையைத் திறக்காமல் உள்ளே எட்டிப் பார்க்க இதைவிட நல்ல சாளரம் கிடையாது. இரண்டுக்கும் இடையில் 0.60 வோல்ட் காணாமல் போயிருந்தது. பாதி மீட்டருக்கும் சற்று அதிகமான ஒரு கேபிளில்.

அடுத்து நண்பன் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சிவப்பு முனையை மோலெக்ஸின் 12 வோல்ட்டிலும், கறுப்பு முனையைக் கார்டின் 12 வோல்ட்டிலும் வைத்தான். இரண்டுமே 12 வோல்ட் பக்கம். மீட்டர் காட்டுவது இடையில் தொலைந்ததை மட்டும். 0.41. பிறகு கிரவுண்டிலிருந்து கிரவுண்டுக்கு அதேபோல். 0.19. கூட்டினால் 0.60, முன்பு கிடைத்த அதே எண். போகும் வழியில் 0.41, திரும்பும் வழியில் 0.19. ஒரே நீளம், ஒரே தடிமன், ஒரே மின்னோட்டம் உள்ள இரண்டு பாதைகளில் ஒன்று மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் விழுங்குகிறது என்றால், கோளாறு 12 வோல்ட் கம்பிகளின் ஏதோ ஓர் இணைப்பில்தான் இருக்க வேண்டும்.

கணினியை அணைத்து, சுவரிலிருந்து பிடுங்கி, கேபிளைத் தொட்டுக்கொண்டே போனேன். கார்டுப் பக்கம் வெதுவெதுப்பு. பவர் சப்ளைப் பக்கம் விரலை வைக்க முடியவில்லை. கழற்றலாம் என்று கொக்கியை அழுத்தப் போனால், கொக்கி ஏற்கெனவே பாதி திறந்தபடி இருந்தது. விளிம்பின் மேல் ஏறி உட்கார வேண்டியது ஏறாமலேயே நின்றிருந்தது. வெளியே எடுத்தபோது வெள்ளை பிளாஸ்டிக்கின் ஒரு மூலை தேநீர்க் கறைபோலப் பழுப்பாகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்று குழல்களில் ஒன்று வாய் பிளந்து அகன்றிருந்தது. பின்னைக் கவ்விப் பிடிக்க வேண்டியது சும்மா உரசிக்கொண்டிருந்திருக்கிறது.

காரணம் உடனே நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் தூசு தட்டுவதற்காக எல்லாவற்றையும் கழற்றி, பவர் சப்ளையை உள்ளே வைத்த பிறகு, குனிந்து கையை மட்டும் நுழைத்து, தடவித் தடவி இந்தக் கேபிளைச் செருகியது நான்தான். டக் என்ற சத்தம் கேட்டதா என்று நினைவில்லை. கேட்டிருக்காது. அதற்குமேல் பக்கப் பலகையை மூடும்போது கேபிள் வளைந்து கனெக்டரை ஒரு பக்கமாக நெம்பிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடக் கணக்கும் இப்போது விளங்கியது. மூன்று பின்கள் பகிர்ந்துகொள்ள வேண்டிய மின்னோட்டத்தில் ஒன்று ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் மற்ற இரண்டும் அதன் பங்கையும் சுமக்கும். சுமந்தால் சூடாகும். சூடானால் தொடுமுனைகளின் தடை கூடும். செம்பின் தடையும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். தடை ஏறினால் இன்னும் சூடு. கொஞ்ச நேரத்தில் இந்தச் சுழல் எல்லையைத் தாண்டும்போது விளக்கு எரிகிறது. ரெண்டர் முடிந்தால் எல்லாம் ஆறிவிடுகிறது, காலையில் வந்து பார்ப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது.

கனெக்டர் நன்றாக இருந்திருந்தாலும் அந்த இரட்டைத் தலைக் கேபிள் நல்ல தேர்வாக இருந்திருக்காது என்பதை ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கார்டு செருகப்படும் மதர்போர்டுப் பள்ளம் அதிகபட்சம் 75 வாட் தரும். ஆறு பின் கேபிளுக்கு 75, எட்டு பின்னுக்கு 150 என்பது வகுத்த அளவு. என் கார்டு கேபிள் வழியாக மட்டும் சுமார் 250 வாட் இழுக்கிறது. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 21 ஆம்பியர். இரண்டு தனிக் கேபிள் என்றால் ஆறு கம்பிகள், கம்பிக்கு மூன்றரை ஆம்பியர். ஒரே கேபிள் என்றால் மூன்று கம்பிகள், கம்பிக்கு 7 ஆம்பியர். வழக்கமான 18 கேஜ் தடிமன் கம்பிக்கு மீட்டருக்கு 21 மில்லி ஓம் தடை; 60 சென்டிமீட்டருக்குச் சுமார் 12.6. ஏழால் பெருக்கினால் 0.09 வோல்ட், திரும்பும் வழியும் சேர்த்து 0.18. இது கம்பியில் மட்டும். ஒவ்வொரு தொடுமுனையும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எடுக்கும். கம்பியில் தொலையும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏறும்: மின்னோட்டம் இரட்டித்தால் ஒவ்வொரு கம்பியிலும் சூடு நான்கு மடங்கு. இந்த ஒரு காரணத்துக்காகவே, அழகைப் பார்க்காமல் இரண்டு கேபிள் போடுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

பழுப்பேறிய கேபிளைத் திரும்பப் பயன்படுத்தவில்லை. அகன்ற குழலைக் குறடால் நெருக்கிவிடலாம் என்று தோன்றியது. ஒருமுறை சூட்டில் வில்விசை போன உலோகம் மறுபடி அப்படிக் கவ்வாது. அதே மாடல் பவர் சப்ளைக்கென்று தயாரிப்பாளர் தரும் கேபிள்கள் இரண்டை வரவழைத்தேன். பவர் சப்ளையில் அந்தக் கேபிள் செருகியிருந்த வாயிலும் ஒரு பின் மங்கியிருந்தது. அதைக் கைவிட்டு மற்ற இரண்டு வாய்களைப் பயன்படுத்தினேன். இந்த முறை பவர் சப்ளையைப் பெட்டிக்கு வெளியே வைத்து, கண்ணால் பார்த்து, டக் என்ற சத்தம் கேட்ட பிறகு கேபிளை மெல்ல இழுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் உள்ளே நகர்த்தினேன்.

அதே காட்சி, அதே ரெண்டர், அதே இருபத்தைந்து நிமிடம். மோலெக்ஸில் 11.96, கார்டு முனையில் 11.78. விளக்கு எரியவில்லை.

இதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் இந்த மாதிரிப் புகார் வந்தால் என்னிடம் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாக் கதையும் கேபிளில் முடியவில்லை.

சித்தி மகனின் கணினியில் மோலெக்ஸிலேயே 11.3 தான். கார்டு முனையில் 11.2. இடையில் தொலைந்தது கொஞ்சம்தான், ஊற்றிலேயே தண்ணீர் இல்லை. கூடவே 5 வோல்ட் கம்பியை அளந்தால் அது சுமை ஏற ஏற 5.2 ஐத் தாண்டி மேலே போனது. 12 இறங்க 5 ஏறுகிறது என்றால், இரண்டையும் சேர்த்து ஒரே சுற்றால் கட்டுப்படுத்தும் பழைய பாணி மலிவான பவர் சப்ளை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் அது இரண்டுக்கும் நடுவில் சமரசம் தேடும். இன்றைய கணினிகள் கிட்டத்தட்ட எல்லாச் சுமையையும் 12 வோல்ட்டில்தான் வைக்கின்றன. அந்த வடிவமைப்புக்கு இது ஆகாது. அங்கே புதிய பவர் சப்ளைதான் தீர்வு, வேறு பேச்சில்லை.

இன்னொருவர் அனுப்பிய படத்தில் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருள் 12 வோல்ட்டை 10.9 என்று காட்டியது. கணினியோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வரியைக் கவனித்தால் அது மதர்போர்டு சில்லின் அளவு. அந்தச் சில்லால் 12 வோல்ட்டை நேரடியாக அளக்க முடியாது. இரண்டு தடைகளால் பங்கிட்டுக் குறைத்து அளந்து, பிறகு ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கும் எண் அந்தப் போர்டுக்குப் பொருந்தாவிட்டால் காட்டுவது கற்பனை. மீட்டரில் 12.05 இருந்தது. அதே மென்பொருளில் கார்டு தானே அளந்து சொல்லும் வரிகள் தனியாக இருக்கும்; பல கார்டுகளில் ஒவ்வொரு எட்டு பின் வாய்க்கும் தனித்தனி வரிகூட உண்டு. முதலில் பார்க்க வேண்டியது அவற்றை. குறைந்தபட்ச அளவைக் காட்டும் பத்தியையும் சுமை ஏறிய பிறகு ஒருமுறை அழித்துவிட்டுப் பாருங்கள். கணினி விழித்தெழும் நேரத்து அபத்தமான எண் எதுவும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாவது ஆள் வட்டுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா கனெக்டரிலிருந்து ஆறு பின்னுக்கு மாற்றும் ஒரு சிறிய கேபிள் போட்டிருந்தார். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதை வைத்து 75 வாட் கேட்கும் வாயை நிரப்பப் பார்க்கிறார்கள். அளந்து பார்க்கக்கூட நான் உட்காரவில்லை, பிடுங்கச் சொல்லிவிட்டேன்.

மீட்டருக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் அது எண்ணைப் புதுப்பிக்கிறது. கார்டோ மில்லி விநாடிகளுக்குள் தன் வழக்கமான அளவைத் தாண்டி எகிறி இழுக்கும். 2022 இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, பவர் சப்ளை தன் திறனைப்போல இரு மடங்குவரை 100 மைக்ரோ விநாடி தாங்க வேண்டும் என்று கேட்பதே இந்தத் துள்ளலுக்காகத்தான். மீட்டரில் 11.6 என்று நிதானமாகத் தெரிந்தும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கின்றன என்று பொருள். கார்டின் மின் வரம்பை மென்பொருளில் 80 சதவீதத்துக்கு இறக்கிப் பார்ப்பது அப்போது நல்ல சோதனை. எச்சரிக்கை நின்றால் மின்பாதையில்தான் குறை என்று ஓரளவு உறுதி. நிற்காவிட்டால் வேறிடம் தேடலாம். சிலர் அந்த 80 ஐயே நிரந்தரமாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வேகத்தில் சிறிய இழப்புதான் என்பதால் அது ஒன்றும் மோசமான முடிவில்லை, கனெக்டர் பழுப்பாகாமல் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால்.

புதிய 16 பின் கனெக்டர் வைத்திருப்பவர்களுக்கு முழுதாகச் செருகும் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 600 வாட்டை ஆறு 12 வோல்ட் பின்களில் பங்கிட்டால் பின்னுக்கு எட்டு ஆம்பியருக்கு மேல் வருகிறது, அதுவும் பழையதைவிடச் சிறிய பின்கள். முழுதாக ஏறாத கனெக்டர்கள் உருகிய செய்திகள் வந்த பிறகு, 2023 இல் 12வி-2×6 என்று திருத்திய வடிவத்தில், கனெக்டர் ஏறியதைக் கார்டுக்குச் சொல்லும் அறிவிப்புப் பின்களைக் குட்டையாக்கினார்கள். சரியாக ஏறாவிட்டால் கார்டு மின்சாரமே கேட்காது. என் பழைய எட்டு பின்னில் அந்த வசதி இருந்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

பழுப்பேறிய கனெக்டரை நான்கு விரற்கடைக் கம்பியோடு வெட்டி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யாராவது டிரைவரை நான்காவது முறை நிறுவப் போவதாகச் சொன்னால் அதைப் படம் எடுத்து அனுப்புவேன். என் கார்டின் இரண்டு வாய்களுக்கும் இடையில் மென்பொருள் இன்னும் 0.04 வோல்ட் வித்தியாசம் காட்டுகிறது, எப்போதும் இரண்டாவதுதான் குறைவு. கேபிள்களை இடம் மாற்றிச் செருகிப் பார்த்தேன். அப்போதும் இரண்டாவதே குறைவு. கேபிளோடு நகராத வித்தியாசம் கார்டின் அளவீட்டுச் சுற்றைச் சேர்ந்தது. பெட்டியை மூடி, திருகுகளை முடுக்கிவிட்டேன்.